எச்சில் மூச்சு

எங்கள் வீட்டில் தண்ணீரை அண்ணாந்துதான் குடிக்க வேண்டும். தம்ளர் உதட்டில் பட்டால் அம்மாவின் பிரம்பு முழங்காலில் படும். அம்மா நாசரேத்தில் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. சுகாதாரப் பாடம் நடத்தி நடத்தி வீட்டையும் வகுப்பாக ஆக்கிவிட்டாள். சர்ச்சில் எனக்குத் திடப்படுத்தல் முடிந்து திருவிருந்தில் சேர்த்துக்கொண்டபோது பெரிய சங்கடம் வந்தது. அங்கே திராட்சைரசம் குடிக்க எல்லாருக்கும் ஒரே கிண்ணம். நான் ஓடிப்போய் முதல் ஆளாக முழங்கால் போடுவேன். பையனுக்கு என்ன பக்தி என்று போதகர் அம்மாவிடம் சொல்லிப் பூரித்துப்போனாராம். பக்தியாவது மண்ணாவது! எனக்கு முன்னால் யாரும் வாய் வைத்திருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

இப்படிப்பட்ட ஆசாமி எழுபதுகளின் நடுவில் தூத்துக்குடியில் கடலில் முக்குளிக்கும் வேலைக்குப் போய்ச் சேர்ந்தேன். முத்துச்சிப்பிகளை ஆராயும் ஓர் அலுவலகம். சிப்பி விளையும் கடலடிப் பாறைத் தளத்தைப் 'பார்' என்பார்கள். எந்தப் பாரில் சிப்பி இருக்கிறது, எதில் இல்லை என்று இறங்கிப் பார்த்து எழுதி வர வேண்டும். இரண்டு பேரை எடுத்தார்கள். என்னை எடுத்தது விலங்கியல் பட்டத்துக்காக. இன்னொருவனை எடுத்தது நுரையீரலுக்காக.

அவன் கடற்கரைக் கத்தோலிக்கக் குடும்பம். பதினைந்து வருஷமாகச் சங்கு குளித்தவன். மூக்கைப் பிடித்துக்கொண்டு கல்லோடு இறங்கினால், பத்துப் பாகத்தில் தரையைத் துழாவிச் சங்கோடு மேலே வருவான். ஒரு பாகம் என்பது இரண்டு கையையும் விரித்த நீளம்; பத்துப் பாகம் என்றால் நல்ல உயரமான தென்னை மரம் ஒன்று முழுகிப்போகும். என்னைவிட இரண்டு வயது மூத்தவன். பீடி பிடிப்பான், வாய் ஓயாமல் கேலி பேசுவான். என் அம்மாவைப் பற்றித் தெரிந்த நாளிலிருந்து எனக்கு 'டீச்சர் மவன்' என்று பேர் வைத்துவிட்டான். அலுவலகம் எங்கள் இருவரையும் ஜோடி என்று எழுதிப் போட்டது. கடலுக்குள் ஒருவன் உயிருக்கு மற்றவன் பொறுப்பு.

அந்தக் காலத்துச் சாமான்களைச் சொல்ல வேண்டும். முதுகில் இரட்டைச் சிலிண்டர். இரண்டின் தலையையும் ஒரு குழாய் இணைக்கும். அதிலிருந்து ஒரே ஒரு ரப்பர்க் குழாய் வாய்க்கு வரும். காற்று எவ்வளவு மிச்சம் என்று தண்ணீருக்குள் பார்த்துக்கொள்ள மீட்டர் எங்களிடம் கிடையாது. அதற்குப் பதிலாக இடுப்போரம் ஒரு கம்பி தொங்கும். காற்று தீரப்போகும்போது மூச்சு இழுக்கக் கனக்கும். உடனே அந்தக் கம்பியைக் கீழே இழுத்தால், ஒதுக்கி வைத்த கொஞ்சம் காற்று திறந்துகொள்ளும். அதை வைத்து மேலே வந்துவிட வேண்டும். ஆகவே இறங்கும்போது கம்பி மேலே இருக்க வேண்டும். முன்பே இறங்கிக் கிடந்தால், ஒதுக்கின காற்றும் சேர்ந்தே செலவாகி, எச்சரிக்கை இல்லாமல் எல்லாம் ஒரேயடியாகத் தீரும். அவரவர் முதுகு அவரவருக்குத் தெரியாதல்லவா? அதனால் குதிக்கும் முன் ஜோடிக்காரன்தான் கம்பியைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று விதி.

இன்னொரு விதி, மேலே வரும்போது மூச்சை அடக்கவே கூடாது. எங்களுக்குப் பயிற்சி கொடுத்த அதிகாரி இதைப் பலூன் வைத்துக் காட்டினார். ஆழத்தில் சிலிண்டர்க் காற்றை ஊதி, முடிச்சுப் போட்டு விட்டார். பலூன் மேலே வர வர வீங்கி, பாதி வழியிலேயே வெடித்தது. "உங்க நெஞ்சும் அப்படித்தான்" என்றார். சங்கு குளிப்பவனுக்கு இந்த வம்பு இல்லை. அவன் மேலே இழுத்த மூச்சையே கொண்டுபோய்க் கொண்டுவருகிறான், அடக்கினால்தான் பிழைப்பான். சிலிண்டர்க்காரன் ஆழத்தில் அழுத்தமான காற்றை இழுக்கிறான், அடக்கினால் செத்தான். என் ஜோடிக்காரன் பலூனைப் பார்த்துச் சிரித்தான். பதினைந்து வருஷப் பழக்கம் ஒரு பலூனுக்குப் பயந்து ஓடிவிடுமா என்ன?

கடைசியாக ஒரு பரீட்சை. ஒருவனுக்குக் காற்று தீர்ந்தால் மற்றவன் தன் வாய்க் குழாயைக் கழற்றிக் கொடுக்க வேண்டும். வாங்கினவன் இரண்டு மூச்சு இழுத்துவிட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அப்புறம் இவனுக்கு இரண்டு, அவனுக்கு இரண்டு. பழைய துறைமுகத்தின் ஆழமில்லாத தண்ணீரில் எங்களை முழங்கால் போட வைத்தார்கள். அதிகாரி மேலே மிதந்துகொண்டு பார்த்தார். அவன் வாயில் இருந்த ரப்பர் என் வாய்க்கு வந்தது. உதட்டை இறுக மூடி அதன்மேல் ரப்பரை ஒற்றிவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். முன்பே நெஞ்சு நிறைய இழுத்து வைத்திருந்த காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுச் சமாளித்தேன். அவனாவது ஒழுங்காகச் செய்தானா? அவனும் இல்லை. ஒரு நிமிஷம் மூச்சடக்குவது அவனுக்குக் கொட்டாவி விடுகிற மாதிரி. முறை மாறி நான் என் குழாயை நீட்டியபோது, ஓசி மூச்சு எனக்கெதற்கு என்ற வீம்பில் அவனும் சும்மா வாயில் வைத்து வைத்து எடுத்தான். ஆக, குழாய் மட்டும் ஊர்வலம் போனது. இரண்டு பேரும் ஒருவர் கொடுத்த மூச்சை மற்றவர் இழுக்கவே இல்லை. அதிகாரி இரண்டு பேருக்கும் பாஸ் போட்டார்.

அந்த வருஷம் பங்குனியில் கடல் தட்டுப் போலக் கிடந்தது. தருவைகுளத்திலிருந்து மோட்டார் வள்ளம் ஒன்றில் புறப்பட்டோம். வள்ளத்தை ஓட்டியவர் ஐம்பது வயதுத் தண்டல். நாங்கள் அண்ணாச்சி என்போம். பல வருஷமாகச் சிப்பியே இல்லாத ஒரு பாரில் இப்போது குஞ்சுச் சிப்பி வலையில் ஏறுகிறது என்று பேச்சு. அதைப் போய்ப் பார்க்க வேண்டும்.

தண்டலுக்கு ஒரு குணம். வள்ளத்தில் எதுவும் துருத்திக்கொண்டு நிற்கக் கூடாது. கயிறு காலைத் தட்டும், கம்பி வலையைக் கிழிக்கும் என்று எல்லாவற்றையும் மடக்கி, அமுக்கி, கட்டி வைத்துவிட்டுத்தான் மோட்டாரைத் தொடுவார். அன்றைக்கு என் சிலிண்டரில் துருத்திக்கொண்டிருந்த கம்பியைக் கண்டிருக்கிறார். நல்ல மனுஷன், அதைக் கீழே அமுக்கி, மெல்லிய சணல் கயிற்றால் சிலிண்டரோடு சேர்த்துக் கட்டிவிட்டார். ஜோடிக்காரனின் சிலிண்டர் தப்பித்தது. அதை அவன் தன் கால்களுக்கு நடுவில் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்த சங்கதி.

பாதி வழியில் கருப்பட்டிக் காப்பி வந்தது. ஜோடிக்காரன் பாதி குடித்துவிட்டு அதே தம்ளரை என்னிடம் நீட்டினான்.

"வேண்டாம். தாகம் இல்ல" என்றேன்.

"என்னவே டீச்சர் மவனே, நா குடிச்சா வெசமா?" அவன் தண்டல் பக்கம் திரும்பினான். "அண்ணாச்சி, ஒரு ஞாயம் கேளும். அடியில காத்து தீந்து, ஏங் கொழாய நா நீட்டுதேன்னு வச்சுக்கிடும். இவரு வாங்குவாரா, சாவாரா?"

"சாவாரு, சாவாரு" என்று தண்டல் விழுந்து விழுந்து சிரித்தார். "படிச்ச புள்ள மானஸ்தன்லா."

எனக்குக் கோபம் வந்தால் நாக்கு முந்திக்கொள்ளும். "ஆமா, சாவேன்" என்றேன். "உம்ம வாயி வச்சத வாங்குததுக்குச் செத்தே போவேன். பீடி நாத்தம் புடிச்ச வாயி."

சொல்லியிருக்கக் கூடாது. சொன்ன கணமே தெரிந்தது. அவன் சிரிப்பு நின்றது. தம்ளரில் மிச்சமிருந்த காப்பியைக் கடலில் கொட்டினான். பார் வந்தது. நங்கூரம் போட்டதும் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சிலிண்டரை மாட்டினேன். அவன் கம்பியைப் பார்க்க என் பின்னால் வந்தான். "உம்ம வேலையப் பாரும்" என்று சொல்லிவிட்டுக் குதித்துவிட்டேன். தப்பு முழுக்க என் பேரில். தண்டலின் கயிற்றுக்கு மேலே என் கோபம் ஒரு முடிச்சுப் போட்டது.

பத்துப் பாகம். நங்கூரக் கயிற்றைப் பிடித்து இறங்கினோம். தரை தெரிந்ததும் கோபமெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. பாறை தெரியாமல் சிப்பி! கொத்துக் கொத்தாக, கட்டைவிரல் அளவில், வாயை லேசாகத் திறந்துகொண்டு எங்கே பார்த்தாலும் சிப்பி. பல வருஷமாக அலுவலகத்தில் 'சிப்பி இல்லை' என்றே எழுதி எழுதிச் சலித்துப்போன பார் அது. ஜோடிக்காரன் என் தோளை உலுக்கி இரண்டு கையையும் விரித்துக் காட்டினான். கண்ணாடிக்குள்ளே அவன் கண் சிரித்தது. நான் இரும்புச் சட்டத்தைத் தரையில் வைத்து அதற்குள் இருந்ததை எண்ணி, சிலேட்டில் எழுதி, பையில் போட்டேன். இன்னும் ஒரு இடம், இன்னும் ஒரு இடம் என்று ஆசை விடவில்லை. மூச்சு கனக்கட்டும், அப்புறம் கம்பியை இழுத்துக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

மூச்சு கனத்தது. கையை இடுப்புக்குக் கொண்டுபோய்க் கம்பியை இழுத்தேன். அது அசையவில்லை. தடவிப் பார்த்தால் ஏற்கெனவே கீழே கிடக்கிறது, மேலே சணல் கயிறு. அடுத்த மூச்சு பாதிதான் வந்தது. அதற்கடுத்தது வரவே இல்லை.

ஜோடிக்காரன் இரண்டு கை தூரத்தில் முதுகைக் காட்டிக் குனிந்திருந்தான். போய் அவன் காலைப் பிடித்து இழுத்தேன். திரும்பினான். கழுத்தை அறுக்கிற மாதிரி கையைக் காட்டி, வாயைச் சுட்டினேன். 'செத்தே போவேன்' என்று நான் சொன்னது அந்த நேரம் பார்த்து என் காதுக்குள்ளேயே கேட்டது. அவன் யோசிக்கவே இல்லை. நெஞ்சு நிறைய ஒரு மூச்சு இழுத்துக்கொண்டு, குழாயைக் கழற்றி என் வாய்க்கு நேராக நீட்டினான்.

கவ்வினேன். பீடி நாற்றம்தான். கூடவே கருப்பட்டி. ஐயோ, வாழ்க்கையில் அத்தனை ருசியான ஒன்றை நான் வாயில் வைத்ததே இல்லை! இரண்டு மூச்சு இழுத்தேன். கண் தெளிந்தது. குழாயைக் கழற்றி அவனிடம் நீட்டினேன்.

அவன் தலையை ஆட்டினான். 'நீரே வச்சுக்கிடும்' என்பதுபோல் கையைக் காட்டினான். என் தோள் வாரைப் பிடித்துக்கொண்டு மேலே நீந்த ஆரம்பித்தான். நான் மறுபடி நீட்டினேன். கல்யாணப் பந்தியில் போதும் போதும் என்று இலையை மறைப்பார்களே, அப்படி என் கையை மெல்ல விலக்கினான். அப்போதுதான் அவன் வாயைப் பார்த்தேன். உதடு இறுக மூடியிருந்தது. கன்னம் புடைத்திருந்தது. ஒரு குமிழிகூட வரவில்லை. பத்துப் பாகத்தில் இழுத்த காற்றை நெஞ்சில் அடைத்துக்கொண்டு, பதினைந்து வருஷம் சங்கோடு ஏறினமாதிரி ஏறிக்கொண்டிருந்தான்.

பலூன்! என் உயிரைக் காப்பாற்றிவிட்டு இவன் சாகப்போகிறான் என்று எனக்குப் புரிந்தது. எப்படிச் சொல்வேன்? தண்ணீருக்குள் கத்த முடியுமா, பாடம் நடத்த முடியுமா? ஒரு பாகம் ஏறிவிட்டோம், ஒன்றரை ஏறிவிட்டோம். முழங்காலை மடக்கி அவன் வயிற்றில் ஓங்கி இடித்தேன். பொங்கல் பானை மாதிரி காற்று குபுகுபுவென்று வெளியே வந்தது. வாய் திறந்தது. அந்த நொடியில் குழாயை உள்ளே திணித்தேன். பல்லில் இடித்தது. அவன் என் கையைத் தட்டிவிடப் பார்த்தான். நான் தாடையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். இழுலே, இழு, சவத்து மூதி, இழு என்று மனசுக்குள் திட்டினேன். இழுத்தான். ஒன்று. இரண்டு.

பிறகு அவன் வாயிலிருந்து அதைப் பிடுங்கினேன். அவன் கண்ணைப் பார்த்துக்கொண்டே என் வாயில் வைத்தேன். எச்சில் பற்றிய நினைப்பே வரவில்லை என்று சொன்னால் பொய். வந்தது. வந்தால் வரட்டும் என்று அழுத்திக் கடித்தேன். இரண்டு மூச்சு இழுத்துவிட்டுத் திருப்பி நீட்டினேன். அவன் என்னையே பார்த்தான். இந்தத் தடவை வாங்கிக்கொண்டான்.

அங்கிருந்து மேலே வந்த விதத்தை எத்தனை தடவை நினைத்தாலும் எனக்கு நெஞ்சு நிமிரும். இரண்டு எனக்கு, இரண்டு அவனுக்கு. குழாய் இல்லாதவன் வாயைத் திறந்து ஆ என்று குமிழி விட வேண்டும். அவன் மறந்தால் நான் வயிற்றைத் தட்டினேன். நான் அவசரப்பட்டால் அவன் வாரைப் பிடித்து நிறுத்தினான். குமிழியைவிட வேகமாக ஏறக் கூடாது என்பது பாடம்; எங்கள் குமிழிகளை நாங்கள் முந்தவில்லை. இரண்டு பாகம் மிச்சமிருக்கும்போது எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. மேலே வர வர அழுத்தம் குறைந்து, தீர்ந்த சிலிண்டரும் ஒன்றிரண்டு மூச்சு கொடுக்கும். என் குழாயை எடுத்துக் கவ்வியிருக்கலாம். கவ்வவில்லை. முறை தப்பினால் அவன் மறுபடி மூச்சை அடக்கிவிடுவான் என்ற பயம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு வீம்பு. அன்றைக்குப் பரீட்சையில் செய்யாததை இன்றைக்கு முழுசாகச் செய்து முடிக்க வேண்டும்.

தலை வெளியே வந்தது. வெயில் முகத்தில் அறைந்தது. தண்டல் எங்களை ஒவ்வொருவராக வள்ளத்துக்குள் இழுத்துப் போட்டார். என் முதுகில் இருந்த சணல் கயிற்றைப் பார்த்துவிட்டு, "மாதாவே!" என்று தலையில் கையை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

ஜோடிக்காரன் இருமினான். "எதுக்குலே வயித்துல இடிச்ச?" என்று கேட்டான். 'வே'யும் 'நீரு'ம் போய் 'லே' வந்துவிட்டிருந்தது.

"மூச்ச அடக்கிட்டு வந்தா நெஞ்சு வெடிச்சுச் செத்துருப்பீருவே! நா எத்தன தடவ நீட்டுனேன்! ஏன் வாங்கல? வீம்பா?"

அவன் உதட்டைத் துடைத்துக்கொண்டான். "வீம்பெல்லாம் ஒண்ணுமில்ல. நா மறுபடி வாய வச்சா, நீ திருப்பி வாங்க மாட்டேன்னு நெனச்சேன். நீதான சொன்ன, செத்தே போவேன்னு. அதான், நீயே வச்சுக்கோன்னு விட்டேன்."

வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அழுகை வந்தது, அழுதேன். கோபத்தில் விட்ட ஒரு வார்த்தையை இவன் பத்துப் பாக ஆழத்திலும் மதித்திருக்கிறான். நான் பட்டம் வாங்கி என்ன, பரீட்சை பாஸ் பண்ணி என்ன?

அவன் மறுபடி இருமினான். சட்டென்று எனக்கு வேறொரு பயம் பிடித்தது. ஒன்றரைப் பாகம் அவன் மூச்சை அடக்கி ஏறியிருக்கிறான். நுரையீரல் கிழிந்திருந்தால் எச்சிலில் நுரையோடு ரத்தம் வரும் என்று அதிகாரி சொல்லியிருந்தார். உள்ளங்கையைக் குவித்து அவன் வாய்க்கு நேரே நீட்டினேன்.

"துப்பும்."

"என்னது?"

"துப்பும்வே! ஏங் கையில துப்பும்!"

அவன் தண்டலைப் பார்த்தான். தண்டல் என்னைப் பார்த்தார். காலையில் காப்பித் தம்ளரைத் தொடாதவனுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றுதான் இரண்டு பேரும் நினைத்திருப்பார்கள். அவன் துப்பினான். சிவப்பு.

"அண்ணாச்சி, மோட்டாரப் போடுங்க! கரைக்கு விடுங்க!" என்று அலறினேன்.

"ஏலே, சும்மா கெட" என்றான் அவன். கீழுதட்டைப் பிதுக்கிக் காட்டினான். உள்ளே அரை விரல் நீளத்துக்குக் கிழிந்திருந்தது. "நீ கொழாயத் திணிச்ச திணிப்புக்கு ஒதடு கிழியாம என்ன செய்யும்?"

எனக்கு நம்பிக்கை வரவில்லை. குடத்திலிருந்து நல்ல தண்ணீர் கொடுத்து வாயைக் கொப்புளிக்க வைத்தேன். உதட்டை விரலால் அமுக்கிப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். நன்றாகக் காறி, தொண்டையிலிருந்து துப்பச் சொன்னேன். இரண்டாம் தடவை லேசாகச் சிவந்திருந்தது. கழுவிவிட்டு மறுபடி கையை நீட்டினேன். மூன்றாம் தடவை அவன் அடிவயிற்றிலிருந்து காறித் துப்பினான். நான் உள்ளங்கையை வெயிலுக்கு நேராகத் தூக்கி, கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தேன். சிவப்பு இல்லை. நுரை இல்லை. விரலால் தடவியும் பார்த்தேன்.

"அண்ணாச்சி, இங்கன வாங்க, வந்து பாருங்க!" என்று கத்தினேன். தண்டல் எழுந்து வந்து குனிந்து பார்த்தார். என் கை நிறைய வெறும் எச்சில்.